உள்ளே மாட்டிக்கொண்ட நெஞ்சுப் படம்

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். நானேதான், என் கையால்தான். நூலகத்தில் மத்தியான வேளையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். போன வருஷம் சேர்ந்தேன். ‘ழ’ மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. மற்றவையெல்லாம் வழிக்கு வந்துவிட்டன. கிடங்கில் மூட்டை தூக்கிய கை, பேனாவைத் தூக்கத்தான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டது.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்றார் டீச்சர். முதல் கடிதத்திலேயே பொய் எழுத வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன்.

உங்கள் அத்தைக்கு ரொம்ப நாளாக இருமல். டாக்டர் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார். வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறதாம். “முன்னாடி எப்பவாவது நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ் படியிலிருந்து விழுந்தபோது எடுத்தோமே, அதைச் சொன்னேன். “அந்த சிடியைத் தேடிக் கொண்டு வாங்க. அப்பவும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா பயமில்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுடலாம். இல்லன்னா விட முடியாது” என்றார். அன்றைக்கு எடுத்த இடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். அங்கே இப்போது மெத்தை விற்கிறார்கள். ஆக, அந்தப் படம் இந்த உலகத்தில் இருப்பது எங்கள் அலமாரியில் இருந்த ஒரு சிடியில் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பு ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று, நீங்கள் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கேதான் சனி பிடித்தது. உள்ளே போனது. சுற்றியது. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். கிடங்கில் மூட்டை அடுக்கு சரிவதற்கு முன்னால் அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும், கேட்டவன் ஓடிவிடுவான். அந்த மாதிரிச் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. பட்டனை அழுத்தினால் வாய் திறக்கவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மாடி வீட்டு டிரைவர் வந்து பார்த்துவிட்டு, “பெரியவரே, இதுல சிடி டிரைவ்னு ஒண்ணு இருக்கறதாவே காட்டலையே” என்றார். கண்ணெதிரே இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, “நெம்புனா வந்துடும்” என்றார். பெட்டியை அணைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

உங்களிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களுக்கும் மகளுக்கும் நடந்த விவாகரத்தில் நான் தலையிடவும் இல்லை, உங்களைத் தேடி வரவும் இல்லை. உங்கள் எண்ணும் என்னிடம் இல்லை. என் போனிலிருந்து மகள் எடுத்துவிட்டாள். ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ‘பழுதானால் அணுகவும்’ என்று உங்கள் கடை முகவரியை ஒட்டியிருக்கிறீர்களே, அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். போனில் சொன்னால் பயத்தில் எனக்கு ஒன்றும் ஏறாது. காகிதத்தில் இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்வேன். ஜூலை முதல் தேதிக்குள் டாக்டர் கேட்கிறார்.

இப்படிக்கு,
மாமா

*

ஜூன் 8

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உறையில் இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல் பிரித்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் வேலை ஓடவில்லை.

முதலில் ஒன்று: யாரையும் நெம்ப விடாதீர்கள். நீங்கள் ஓடி வந்தது நல்லது.

நான் சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள். சுவிட்சை அணைத்து, பின்பக்கக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பெட்டியின் இடது பக்கத் தகட்டை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும், கையாலேயே திருகலாம். தகட்டைப் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். மேல்பக்கம் இருப்பதுதான் சிடி டிரைவ். அதன் முதுகில் இரண்டு கேபிள் இருக்கும். ஒன்று ஒல்லி, மற்றொன்று பல நிறக் கம்பிகள் சேர்ந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மறுபடி இறுக்கமாகச் செருகுங்கள். பாதி நேரம் நோய் இதுதான். வருஷக்கணக்கில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும்.

பிறகு ஆன் செய்து, திரை வெளிச்சம் வந்தவுடன் கீபோர்டில் ஒரு பட்டனை விடாமல் தட்டுங்கள். அதில் உள்ள இங்கிலீஷ் எழுத்துகளின் வடிவத்தை இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். ஒரு பட்டியல் வரும். அதில் டிரைவின் பெயர் எப்படித் தெரியும் என்பதையும் வரைந்திருக்கிறேன். வடிவத்தை ஒத்துப் பாருங்கள். இருந்தால் டிரைவுக்கு உயிர் இருக்கிறது, கோளாறு மென்பொருளில். இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். அதற்கு மேல் தொடாதீர்கள்.

ஒரு கேள்வி. சிடியைப் போடுவதற்கு முன் அதை ஏதாவது செய்தீர்களா? துடைத்தீர்களா, கழுவினீர்களா? எதுவானாலும் சொல்லுங்கள்.

அத்தையிடம் நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். இந்த நேரத்தில் அவருக்கு வேறு கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்க்ரூ

*

ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தபால்காரம்மா என் பெயரை உரக்கப் படித்துக் கூப்பிட்டார். இத்தனை வயசுக்கு என் பெயருக்கு வந்த முதல் கடிதம். மின்சாரக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரிக்காமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் சட்டைப் பையைத் துவைக்கும்போதெல்லாம் ஸ்க்ரூ கொட்டியதால் அத்தை வைத்த பெயர். சிரித்துவிட்டேன்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். கடிதத்தை மேஜையில் விரித்து, மூலைக்கு ஒரு டம்ளர் வைத்துக்கொண்டேன். உங்கள் அத்தை டார்ச் பிடித்தாள். யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“ஏங்க, நெஞ்சுல கோளாறு எனக்கு. நீங்க எதுக்கு இதோட நெஞ்சத் தெறக்கறீங்க?”

“பேசாம வெளிச்சத்தக் காட்டு.”

“மயக்க மருந்து குடுத்தீங்களா அதுக்கு? பாவம், கத்தப் போகுது.”

அவள் பேச்சு அப்படி. ஆனால் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். திரும்பினேன். நான் பார்த்ததும் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கேபிள் இரண்டையும் செருகினேன். பட்டியல் வந்தது. நீங்கள் வரைந்த வடிவத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒத்துப் பார்த்தேன். மற்றவை எல்லாம் இருக்கின்றன. அந்த ஒரு வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. டிரைவின் விளக்கு இரண்டு தடவை மினுக்கி அணைந்துபோகிறது. மினுக்கும்போது உள்ளே எதுவோ உரசுகிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: துடைக்கவில்லை, கழுவவில்லை. அதற்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எழுத்து வந்ததிலிருந்து நான் வீட்டில் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. உப்பு டப்பாவில் ‘உப்பு’, ஃபேன் சுவிட்சில் ‘ஃபேன்’, கதவில் ‘கதவு’. உங்கள் அத்தை, “எம் முதுகுல மட்டும்தான் இன்னும் ஒட்டல” என்கிறாள். அந்த சிடியும் மற்ற சிடிகளோடு கலந்துவிடக் கூடாது என்று, அத்தையின் பெயரும் ‘நெஞ்சுப் படம்’ என்றும் கெட்டித் தாளில் அழகாக எழுதி, பசை போட்டு அதன் மேல் ஒட்டி வைத்திருந்தேன். எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. நீங்கள் பார்த்தால் மெச்சுவீர்கள்.

அடுத்து என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
மாமா

*

ஜூன் 17

மாமா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைத்த உடனே படியுங்கள். கம்ப்யூட்டரை இனி ஆன் செய்யவே வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அணைத்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தாள்தான். சிடி உள்ளே பம்பரத்தைவிட வேகமாகச் சுற்றும். சூட்டில் பசை இளகி, தாளின் ஓரம் எழும்பி, டிரைவின் கூரையில் சிக்கியிருக்கிறது. அதுதான் அந்த ‘கர்ர்’. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். டிரைவ் தொண்டையில் சிக்கியதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது, பதில் சொல்வதில்லை. பதில் வராததால் அப்படி ஒன்றே இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துகொள்கிறது.

டிரைவ் போனால் போகட்டும். எனக்குப் பயம் சிடியைப் பற்றித்தான். பளபளக்கும் அடிப்பக்கம்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படம் தங்கியிருக்கும் வெள்ளிப் பூச்சு இருப்பது மேல்பக்கம், நீங்கள் தாள் ஒட்டிய பக்கம். அதன் மேல் நகப்பூச்சு கனத்தில் ஒரு வார்னிஷ், அவ்வளவுதான். தாளை இழுத்தால் வெள்ளியும் சேர்ந்து உரியும். உரிந்தது திரும்ப வராது. என்ன ஆனாலும் தாளைப் பிய்க்காதீர்கள்.

இப்போது வெளியே எடுக்கும் வழி. மின்கம்பியைப் பிடுங்குங்கள். டிரைவின் முகத்தில், பட்டனுக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராகச் செருகுங்கள். உள்ளே ஒரு இடத்தில் முட்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால், சிடியை வைக்கும் ட்ரே விரல் அகலம் வெளியே வரும். அதற்குப் பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கையால் இழுங்கள். தடுத்தால் நிறுத்துங்கள். உள்ளே தள்ளி மறுபடி இழுங்கள்.

ஒன்று யோசித்துச் சொல்லுங்கள். தாளை எங்கே ஒட்டினீர்கள்? நடு ஓட்டைக்குப் பக்கத்திலா, வெளி ஓரத்திலா? சிடியில் எல்லாம் நடுவிலிருந்து வெளியே எழுதப்படும். ஒரு ஸ்கேனுக்கு முழுத் தட்டும் தேவைப்படாது. ஓரத்தில் ஒட்டியிருந்தால் நமக்கு வழி இருக்கிறது. நடுவில் என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமா, இது உங்கள் தப்பு இல்லை. ஒரு காலத்தில் சிடி மேல் ஒட்டுவதற்கென்றே லேபிள் கடைகளில் விற்றார்கள். படித்தவர்கள்தான் வாங்கி ஒட்டினார்கள்.

ஸ்க்ரூ

*

ஜூன் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எங்கே ஒட்டினேன் என்று ஞாபகம் இல்லை. எழுத்து எப்படி இருந்தது என்பது கண்ணில் நிற்கிறது. ‘நெ’ கொஞ்சம் பெரிதாகிவிட்டது, ‘ம்’ புள்ளி நன்றாக விழுந்தது. எங்கே ஒட்டினேன் என்பது மட்டும் வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்து, ‘உரியும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. வாய்தான் சேர்த்துச் சொல்லவில்லை. உங்கள் அத்தை வந்து கடிதத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆயுசு முழுக்க எனக்கு வந்த காகிதங்களையெல்லாம் அவள்தானே படித்துச் சொன்னாள். கடைசி வரை படித்தாள்.

“ஸ்க்ரூ இன்னும் ‘ற’வ அப்பிடியேதான் எழுதறாரு” என்றாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“மொதல் கவர் வந்த அன்னைக்கே தெரியும். வாசல்ல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தீங்களே.”

நான் எழுந்து போய் உப்பு டப்பாவில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். “உப்புமேல என்ன கோவம்? அது என்ன சிடி மாதிரி சுத்திக்கிட்டா இருக்கு? விடுங்க” என்றாள்.

பிறகு கிளிப்பை நிமிர்த்தினோம். எனக்குக் கை வரவில்லை. நூற்றுக்கணக்கான மூட்டைகளை லாரியில் ஏற்றிய கை, ஒரு கம்பியை ஓட்டையில் விட வரமாட்டேன் என்கிறது. அவளே செருகினாள். முட்டியது. அழுத்தினாள். விரல் அகலம் வந்தது. நான் இழுத்தேன், தடுத்தது. உள்ளே தள்ளினேன், இழுத்தேன், தடுத்தது. அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும் வரை ட்ரேயைப் பிடித்தபடியே நின்றேன். அதற்கப்புறம்தான் வந்தது.

சொல்கிறேன். தாளில் பாதி ஒட்டியிருக்கிறது, பாதி சுருண்டு தொங்குகிறது. தொங்கும் பாதி வெள்ளியைக் கொண்டுபோய்விட்டது, மீன் செதில் மாதிரி தாளின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் வெறும் கண்ணாடியாக இருக்கிறது. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. நான் பிடித்தபோது அதில் உங்கள் அத்தையின் ஒரு கண் தெரிந்தது. கண்ணடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி போன இடம் வெளி ஓரத்தில்தான். ஆனால் உள்பக்கமாகவும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. நடு ஓட்டைக்கும் அதற்கும் நடுவே என் இரண்டு விரல் கிடக்கும். என் விரல் தடிமன் உங்களுக்குத் தெரியும். போதுமா? இதை வைத்துச் சொல்ல முடியுமா?

ஜூலை முதல் தேதி டாக்டரிடம் போகிறோம். மகளும் லீவு போட்டு வருகிறாள். நீங்களும் வாருங்கள், மாப்பிள்ளை. இதுவரை கம்ப்யூட்டருக்காக எழுதினேன். இது அதற்காக இல்லை. அந்த அறையில் அவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நான் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வாயால் யாரிடமும் சொன்னதில்லை. எழுதத் தெரிந்ததால் எழுதிவிட்டேன்.

மகளும் நீங்களும் ஒரே இடத்தில் இருந்தால் அத்தைக்கு நல்லது. வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. வைத்துத்தான் சொல்கிறேன்.

மாமா

*

ஜூன் 26

மாமாவுக்கு,

இரண்டு விரல் போதும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் விரல் என்பதால் இன்னும் நம்பிக்கை.

தொங்கும் தாளை இழுக்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் பாதி அப்படியே இருக்கட்டும். துணியில் சுற்றி வைக்காமல் ஒரு தட்டையான டப்பாவில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். ஸ்கேன் அறையில் இருப்பவரிடம், ‘இதில் லேபிள் இருக்கிறது, ஓரம் போய்விட்டது, மெதுவாகச் சுற்றும் டிரைவில் போடுங்கள், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். இந்த வரியையே காட்டினாலும் சரி.

மாமா, என்னால் வர முடியாது. நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டேன். நாலு மாதம் ஆகிறது. உங்கள் மகளுக்குத் தெரியும், நானே சொன்னேன். அப்பாவிடம் தானே சொல்வதாகச் சொன்னார். சொல்லியிருக்க மாட்டார் என்பது உங்கள் முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. ‘மாப்பிள்ளைக்கு’ என்று அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. நான் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஸ்க்ரூ என்று போட்டேன்.

நான் அந்த அறையில் வந்து நின்றால் அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அத்தையைப் பார்க்க வேண்டிய நாள் அது.

இனி மாமா என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் கூப்பிட்டுவிட்டேன். மன்னியுங்கள்.

ஸ்க்ரூ

*

ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

மாமா என்றே எழுதுங்கள். பஸ்ஸில் இடம் கேட்பவர்கள்கூட என்னை மாமா என்கிறார்கள். அதற்கு எந்த உரிமையும் வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. மகள் வந்ததும் கேட்டேன்.

“தெரியும்பா” என்றாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லலாம் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். அதுக்குள்ள நீங்க ஆசை ஆசையா லெட்டர் எழுதறீங்கன்னு அம்மா சொன்னா. அப்புறம் எப்பிடிப்பா சொல்றது?”

அதோடு விட்டுவிட்டேன். அவள் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் தப்பாகச் சொல்லவில்லை. அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஸ்கேன் அறைக்காரரிடம் உங்கள் வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, “இத எழுதினவரு யாரு? வெவரமான ஆளு” என்றார். எங்கள் பையன் என்றேன். சிடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போட்டார். சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. உங்கள் அத்தை என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. கடைசியில் சில படங்கள் திறக்கவில்லை. அவை வயிற்றுப் பக்கத்துப் படங்களாம், தேவையில்லையாம். நெஞ்சு முழுதாக வந்துவிட்டது.

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எங்கே பார்ப்பது என்று உங்களிடம் கேட்டிருந்தேன் அல்லவா? நேராகவே பார்த்தேன். புள்ளி அப்போதும் இருந்திருக்கிறது. கடுகு அளவு. யாரும் கவனிக்கவில்லை. இப்போது பட்டாணி அளவு.

“வளந்திருக்கு” என்றார். “ஆனா ஆறு வருஷத்துல இவ்வளவுதான் வளந்திருக்கு, பெரியவரே. இந்த சிடி இல்லன்னா இது எவ்வளவு நாளா இருக்கு, என்ன வேகத்துல வளருதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. மெதுவா வளர்றதுதான். காத்திருக்க வேண்டாம், எடுத்துடலாம்” என்றார். எடுத்துப் பார்த்த பிறகுதான் அது என்ன என்று உறுதியாகச் சொல்வாராம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நாளைக் காலையில் ஆபரேஷன்.

இன்று மத்தியானம் நர்ஸம்மா சம்மதக் காகிதம் கொண்டுவந்தார். பழக்கத்தில் என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தப் போனார். நான் கையை இழுத்துக்கொண்டு, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். மகள்கூடச் சிரித்தாள்.

படிக்க ஆரம்பித்தேன். ரத்தப்போக்கு நேரலாம். மூச்சு நின்றுபோக நேரலாம். நினைவு திரும்பாமல் போகலாம். அப்படி வரிசையாக எழுதியிருக்கிறார்கள், தம்பி. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். ‘உ’ வந்தது, ‘யி’ வந்தது, ‘ர்’ வந்தது. அது என்ன சொல் ஆகப்போகிறது என்று தெரிந்த பிறகும் அடுத்த எழுத்துக்குப் போக வேண்டியிருந்தது. போன தடவை அவள் விழுந்தபோது இதே மாதிரி ஒரு காகிதத்தில் விரலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதிலும் இவையெல்லாம் இருந்திருக்கும்.

நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “அப்பா, நான் படிக்கட்டுமா?” என்றாள் மகள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை என் தோளில் கை வைத்தாள்.

“மெதுவாவே படிங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.”

கடைசி வரி வரை படித்தேன். அவள் பெயர் எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். கீழே என் பெயரை எழுதினேன்.

உங்கள் வீட்டில் இருப்பவரை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மாமா